சனிக்கிழமை மூன்று மணிக்கு லைப்சிக்: பெர்லினிலிருந்து ஒரு நாள் இசைப் பயணம்

பெர்லினுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து சேரும் நம்மவர்கள், முதல் நீண்ட வாரயிறுதி கிடைத்ததும் பிராகுக்கோ வியன்னாவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய லைப்சிக் நகரம் பலருடைய பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. இசையமைப்பாளர் யோஹான் செபஸ்தியான் பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை பணியாற்றிய ஊர் அது. மெண்டல்சோன் இசைக்குழுவை நடத்தியதும், ஷூமான் தம்பதியர் குடித்தனம் தொடங்கியதும், ரிச்சர்ட் வாக்னர் பிறந்ததும் அங்கேதான். இவை அனைத்தும் நடந்தே கடக்கக்கூடிய ஒரு சிறிய வட்டத்துக்குள் இருப்பதால், காலையில் போய் இரவு திரும்புவதற்கு இதைவிட வசதியான இசை நகரம் ஜெர்மனியில் இல்லை என்பது என் எண்ணம். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் பயிற்சி இல்லாதவர்களையும் மனத்தில் வைத்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் நாளை முடிவு செய்யுங்கள், பிறகு பயணச்சீட்டு வாங்குங்கள்

இந்தப் பயணத்தின் வெற்றி நீங்கள் எந்தக் கிழமையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் முதல் முறை ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போய், பாக் அருங்காட்சியகத்தின் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். ஜெர்மனியில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பதை அன்றுதான் கற்றேன். போக வேண்டிய நாள் சனிக்கிழமை. பாக் இசைப் பொறுப்பாளராக இருந்த புனித தோமையார் ஆலயத்தில், ஜெர்மானியர் தோமாஸ்கிர்ஹெ என்று சொல்லும் அந்த ஆலயத்தில், சனிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு 'மோட்டெட்டே' என்னும் இசை வழிபாடு நடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கும் உண்டு என்றாலும், சனிக்கிழமை நிகழ்ச்சியில்தான் பாக்கின் கான்டாட்டா ஒன்று இசைக்குழுவின் துணையோடு முழுமையாக இடம்பெறுவது வழக்கம். குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கான விவிலியப் பகுதியை இசையாக விரித்துச் சொல்லும் வடிவம் அது.

பாடுபவர்கள் பெரும்பாலும் தோமானர் என்று அழைக்கப்படும் ஆலயச் சிறுவர் பாடகர் குழுவினர். 1212-இல் தொடங்கிய அந்தக் குழு இன்றுவரை தொடர்கிறது. பாக் பயிற்றுவித்ததும் இதே குழுவைத்தான். பள்ளி விடுமுறைக் காலங்களிலும், குழு வெளியூர்ப் பயணம் போகும் வாரங்களிலும் வேறு குழுக்கள் வந்து பாடும். எனவே ஆலயத்தின் இணையப் பக்கத்தில் அந்த வார நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, தோமானர் பாடுகிறார்கள் என்பதை உறுதி செய்துகொண்டபின் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் பாக் விழா நடக்கும் நாட்களிலும், கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் டிசம்பரிலும் ஊர் நிரம்பி வழியும். முதல் முறை போகிறவர்கள் அந்தக் காலங்களைத் தவிர்ப்பது நல்லது.

ரயிலைத் தேர்ந்தெடுத்தல்

பெர்லின் மத்திய நிலையத்திலிருந்தும் ஸூட்குரொய்ட்ஸ் நிலையத்திலிருந்தும் ஐசிஇ விரைவு ரயில்கள் அடிக்கடி உண்டு. பலர் தவறுவது ஓரிடத்தில்தான். பெர்லினிலிருந்து மூனிக் செல்லும் ஐசிஇ ரயில்கள் எல்லாமே லைப்சிக்கில் நிற்பதில்லை; சில ஹாலே வழியாகப் போய்விடும். தெற்கே போகும் ரயில்தானே என்று ஏறி உட்கார்ந்துவிடாமல், நிற்கும் நிலையங்களின் பட்டியலில் லைப்சிக் மத்திய நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சலுகை விலைச் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் செலவு பெரிதும் குறையும். ஆனால் அந்தச் சீட்டு குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். சேரும் நேரம் 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். மாதச் சந்தாவான ஜெர்மனிச் சீட்டு கையில் இருந்தால் கூடுதல் செலவு ஏதுமில்லை என்றாலும், அது ஐசிஇ போன்ற தொலைதூர ரயில்களில் செல்லாது. வட்டார ரயில்களில், வழியில் மாறி, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருக்கும். மாணவர்களுக்கு என் யோசனை இதுதான்: காலையில் நேரம் முக்கியம் என்பதால் போகும்போது சலுகை விலையில் ஐசிஇ, அவசரமில்லாத திரும்பும் பயணத்துக்கு வட்டார ரயில்.

காலை ஒன்பதரை மணிக்குள் இறங்கிவிடும்படி புறப்படுங்கள். லைப்சிக் மத்திய நிலையமே ஒரு காட்சி. 1915-இல் கட்டி முடிக்கப்பட்ட, தண்டவாளங்கள் வந்து முடியும் இந்த முட்டு நிலையத்தின் முகப்பு ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுடையது. அன்றைய பிரஷ்ய ரயில்வேயும் சாக்சனி ரயில்வேயும் நடைமேடைகளைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டதால் மேற்கே ஒன்றும் கிழக்கே ஒன்றுமாக, ஒரே அச்சில் வார்த்த இரண்டு முன்கூடங்கள் இருக்கின்றன. நீங்கள் எந்தக் கூடத்தின் வழியாக வெளியே வந்தீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டால் இரவில் திரும்பும்போது திசை குழம்பும். பெரிய பை இருந்தால் நிலையத்திலுள்ள லாக்கரில் வைத்துவிடுங்கள். கழிவறைக்கும் லாக்கருக்கும் சில்லறை நாணயங்கள் தேவைப்படும்.

காலை: மெண்டல்சோன் வாழ்ந்த மாடி

நிலையத்திலிருந்து நேரே நகர மையத்துக்குள் நுழைந்துவிடாமல், அகஸ்டஸ் சதுக்கத்தைக் கடந்து கோல்ட்ஷ்மிட் தெருவுக்கு நடந்து போங்கள். இருபது நிமிடம் ஆகும். அங்கே 12-ஆம் எண் வீட்டில்தான் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் 1845 முதல் வாழ்ந்து, 1847 நவம்பர் 4 அன்று 38 வயதில் இறந்தார். அவர் குடியிருந்த வீடுகளில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். காலை பத்து மணிக்குத் திறக்கும் இந்த அருங்காட்சியகத்தின் மாடியில் அவருடைய சிறிய எழுத்தறையும், சுவிட்சர்லாந்தில் அவர் தம் கையால் வரைந்த நீர்வண்ண ஓவியங்களும் இருக்கின்றன. ஓவியங்களைப் பார்த்தால் இசை வராமல் போயிருந்தாலும் இந்த மனிதர் பிழைத்திருப்பார் என்றே தோன்றும்.

கீழ்த்தளத்தில் உள்ள எஃபெக்டோரியத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். இருட்டான ஓர் அறையில், வாத்தியப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பம் என ஒலிபெருக்கிகள் நிற்கும். நடுவில் நீங்கள் இசைக்கோல் பிடித்து நிற்பீர்கள். கையை வேகமாக அசைத்தால் இசை வேகமெடுக்கும்; தயங்கினால் அதுவும் தயங்கும். வயலின் பிரிவை மட்டும் தனியே ஒலிக்கச் செய்யவும் முடியும். ஒரு சேர்ந்திசையில் எத்தனை இழைகள் ஓடுகின்றன என்பதைப் புதியவருக்குக் காட்டித்தர இதைவிட எளிய கருவியை நான் கண்டதில்லை. பிற்பகலில் கான்டாட்டாவைக் கேட்கும்போது, ஒரு குரலை மட்டும் பற்றிக்கொண்டு பின்தொடரும் பழக்கம் இங்கேதான் கைவரும். இந்த வீட்டைக் காலையில் முதலாவதாகப் பார்க்கச் சொல்வதற்கு அதுவே காரணம்.

இயேசுவின் துன்பங்களைப் பாடும் பாக்கின் மத்தேயு பாடுகள் இசையை, அது பொது அரங்கில் மறக்கப்பட்டிருந்த காலத்தில், 1829-இல் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றியவர் மெண்டல்சோன். 1835-இல் லைப்சிக் கெவண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் பொறுப்பை ஏற்ற அவர், 1843-இல் ஜெர்மனியின் முதல் இசைக் கல்லூரியை இங்கே நிறுவினார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக நாஜிகள் 1936 நவம்பரில் அவருடைய சிலையை இரவோடிரவாக அகற்றினார்கள். அப்போது ஊரில் இல்லாத மேயர் கார்ல் கோர்டெலர், திரும்பி வந்தபின் அதை எதிர்த்துப் பதவி விலகினார். பின்னாளில் ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்டதற்காகத் தூக்கிலிடப்பட்டார். அந்தச் சிலையின் மறுபடைப்பு 2008 முதல் தோமையார் ஆலயத்தின் வெளியே நிற்கிறது. பிற்பகலில் அதைக் கடந்து போவீர்கள்.

நண்பகலுக்கு முன்: சதுக்கம், நிக்கோலாஸ் ஆலயம், பழைய நகர மன்றம்

அகஸ்டஸ் சதுக்கத்துக்குத் திரும்பினால் ஒரு முனையில் கெவண்ட்ஹவுஸ் அரங்கும் எதிர்முனையில் ஓபரா மாளிகையும் தெரியும். 'கெவண்ட்ஹவுஸ்' என்றால் ஜவுளிக் கிடங்கு என்று பொருள். 1743-இல் வணிகர்கள் பதினாறு பேர் பதினாறு இசைஞர்களை அமர்த்தித் தொடங்கிய கச்சேரி அமைப்பு, 1781-இல் துணி வணிகர்களின் கட்டடத்தில் ஓர் அரங்கத்துக்குக் குடிபுகுந்ததால் வந்த பெயர் அது. அரசவைப் பணத்தை நம்பாமல் ஊர்க்காரர்களின் பணத்தில் வளர்ந்தது என்பதுதான் இந்தக் குழுவின் தனிச்சிறப்பு. இப்போதுள்ள கட்டடம் 1981-இல் திறக்கப்பட்ட மூன்றாவது அரங்கம்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் புனித நிக்கோலாஸ் ஆலயம். வெளியே சாதாரணமாகத் தெரியும் இதன் உள்ளே நுழைந்ததும் தலையை நிமிர்த்திப் பாருங்கள். தூண்கள் பனைமரங்களாக எழுந்து, உச்சியில் வெளிர்பச்சை ஓலைகளாக விரிந்து கூரையைத் தாங்கும். பாக்கின் யோவான் பாடுகள் 1724 ஏப்ரல் 7, புனித வெள்ளியன்று முதன்முதலாக ஒலித்தது இங்கேதான். அவரோ தோமையார் ஆலயத்தில் நடத்தப்போவதாக எண்ணி அறிவிப்பையும் அச்சடித்துவிட்டார். நகர மன்றம் இந்த ஆண்டு முறை நிக்கோலாஸ் ஆலயத்துக்கு என்று பிடிவாதம் பிடித்தது. அப்படியானால் பாடகர் மாடத்தில் இடம் வேண்டும், பழுதான ஹார்ப்சிகார்டையும் சரிசெய்து தர வேண்டும் என்று பாக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டரை நூற்றாண்டுக்குப் பின், 1980-களில் திங்கள்தோறும் இங்கே நடந்த அமைதி வழிபாடுகளிலிருந்துதான் கிழக்கு ஜெர்மனியின் அமைதிப் புரட்சி கிளம்பியது. 1989 அக்டோபர் 9 அன்று ஏறத்தாழ 70,000 பேர் தெருவில் இறங்கியபோது, வன்முறை வேண்டாம் என்று ஊர் ஒலிபெருக்கிகளில் வாசிக்கப்பட்ட வேண்டுகோளில் கையொப்பமிட்ட அறுவருள் ஒருவர் கெவண்ட்ஹவுஸ் இசைக்குழுத் தலைவர் குர்ட் மஸூர்.

சந்தைச் சதுக்கத்தில் 1556-57-இல் கட்டப்பட்ட பழைய நகர மன்றம் இருக்கிறது. பாக் தம் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இடம் அது. அந்த வேலைக்கு முதலில் டெலிமான், பிறகு கிராப்னர் என்று வேறு இரு இசையமைப்பாளர்களை விரும்பி, இருவரும் கைநழுவிய பிறகே மன்றம் பாக்கிடம் வந்தது. சிறந்தவர்கள் கிடைக்காதபோது நடுத்தரமானவரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஓர் உறுப்பினர் சொன்னது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. வேலை தேடி அலுத்திருக்கும் வாசகர்கள் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்து ஒரு நிமிடம் ஆறுதல் கொள்ளலாம். உள்ளே போக இன்று நேரம் போதாது.

வழி தவறுமோ என்ற கவலை வேண்டாம். ஊருக்குள் நடைபாதையில் வளைந்த எவர்சில்வர் பட்டைகள் ஆங்காங்கே பதிக்கப்பட்டிருக்கும். இசைத்தடம் என்று பொருள்படும் 'நோட்டன்ஷ்பூர்' பாதையின் அடையாளம் அது. சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்தில் 23 நிறுத்தங்களை இணைக்கும் அந்தப் பாதையை முழுதும் நடக்க வேண்டியதில்லை. எதிர்ப்படும் இடங்களில் பின்தொடர்ந்தாலே போதும்.

சாப்பாடு

ஒரு மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். லைப்சிகர் அலர்லாய் என்னும் காய்கறிக் கலவை பெயரளவில் சைவம் போலத் தோன்றினாலும், மரபான செய்முறையில் நன்னீர் நண்டு வகையொன்று சேரும் என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். லெர்ஹெ என்னும் சிறு பலகாரத்தைத் தவறவிட வேண்டாம். லெர்ஹெ என்றால் வானம்பாடி. ஒரு காலத்தில் உண்மையாகவே வானம்பாடிகளைப் பிடித்து மாவுக்குள் வைத்துச் சுட்டுத் தின்ற ஊர் இது. 1876-இல் அந்த வேட்டைக்குத் தடை வந்ததும், அடுமனைக்காரர்கள் பாதாம் விழுதை நிரப்பி, மேலே இரண்டு மாவுப் பட்டைகளைக் குறுக்காக வைத்து, பறவையைக் கட்டிய நூலின் நினைவாக இதை உருவாக்கினார்கள் என்பார்கள். கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்களுக்கும் குறையில்லை. பழைய கோட்டைச் சுவர் இருந்த வட்டத்தில் மரநிழலும் பெஞ்சுகளும் உண்டு.

மூன்று மணி: மோட்டெட்டே

இரண்டே கால் மணிக்கு ஆலய வாசலில் இருங்கள். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாகக் கதவு திறக்கும். வரிசை அதற்கும் முன்பே நிற்கும். வாசலில் விற்கும் நிகழ்ச்சி நிரல் தாளே நுழைவுச்சீட்டு, விலையும் சில யூரோக்கள்தான். காத்திருக்கும் நேரத்தில் வெளியே நிற்கும் பாக் சிலையை அருகே போய்ப் பாருங்கள். கார்ல் செஃப்னர் 1908-இல் செய்த அந்தச் சிலையில், மேலங்கியின் ஒரு பை வெளியே இழுத்துவிடப்பட்டுக் காலியாகத் தொங்கும். ஊதியம் போதவில்லை என்று பாக் ஓயாமல் முறையிட்டதை அது சொல்வதாக வழிகாட்டிகள் விளக்குவார்கள்.

உள்ளே இடம் பிடிக்கும்போது ஒன்றை அறிந்திருங்கள். பாடகர்கள் திருப்பீடத்தின் பக்கம் நிற்கமாட்டார்கள். உங்களுக்குப் பின்னால், மேற்கு மாடத்தில், 1889-ஆம் ஆண்டு ஸாவர் ஆர்கனின் முன்னே நிற்பார்கள். நடுக்கூடத்தில் உட்கார்ந்தால் பாடுபவர் முகம் தெரியாது, இசை முதுகுப்புறம் மேலிருந்து இறங்கும். முதல் முறை நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த முதியவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்ததைக் கண்ட பிறகே, இது பார்ப்பதற்கான நிகழ்ச்சி இல்லை என்று உறைத்தது. முகம் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள், அனுமதி இருக்கும் நாளில் பக்க மாடங்களில் இடம் தேடலாம்.

இது கச்சேரி அல்ல, வழிபாடு. ஆகவே இடையில் கைதட்டக் கூடாது, கைப்பேசியில் பதிவு செய்யவும் கூடாது. வாசகம், சிற்றுரை, செபம், எல்லோரும் சேர்ந்து பாடும் ஒரு பாடல் ஆகியவை இசைக்கு நடுவே வரும். மற்றவர்கள் எழும்போது எழுந்து நின்றால் போதும். எந்தச் சமயத்தவரையும் யாரும் விசாரிப்பதில்லை. குளிர்காலத்தில் கல் தரையிலிருந்து குளிர் ஏறும் என்பதால் மேலங்கியைக் கழற்ற வேண்டாம். நிகழ்ச்சி ஒன்றேகால் மணி நேரம் அளவுக்கு நீளும்.

கான்டாட்டாவில் புதியவர் பற்றிக்கொள்ள வேண்டியது அதன் கடைசிப் பகுதியை. பெரும்பாலான கான்டாட்டாக்கள் 'கோரால்' எனப்படும் எளிய சபைப் பாடலில் முடியும். தனிக்குரல்களும் வாத்தியங்களும் அதுவரை பின்னிய சிக்கல்கள் எல்லாம் அடங்கி, ஊர்மக்கள் அறிந்த ஒரு மெட்டு நான்கு குரல்களில் நிமிர்ந்து நிற்கும். மேல்குரலில் மெட்டைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வரியில் கீழ்க்குரல் எங்கே போகிறது என்று கேளுங்கள். காலையில் எஃபெக்டோரியத்தில் பழகியது இங்கே கைகொடுக்கும்.

கூட்டம் கலையும்போது திருப்பீடப் பகுதிக்குப் போங்கள். தரையில் பதித்த வெண்கலப் பலகையில் பாக்கின் பெயர் மட்டும் இருக்கும், அதன்மேல் யாரோ வைத்த பூக்கள் கிடக்கும். முதலில் அவர் யோவான் ஆலயத்து இடுகாட்டில் அடையாளம் ஏதுமின்றிப் புதைக்கப்பட்டார். 1894-இல் அவருடையது எனக் கருதப்பட்ட எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. அந்த ஆலயம் போரில் சிதைந்தபின், 1950 முதல் கல்லறை இங்கே இருக்கிறது.

நாலரை மணி: பாக் அருங்காட்சியகம்

ஆலயத்துக்கு நேர் எதிரே, பாக் குடும்பத்துக்கு நெருக்கமான வணிகர் போஸ வாழ்ந்த வீட்டில் அருங்காட்சியகம் இயங்குகிறது. ஆறு மணிக்கு மூடிவிடும் என்பதால் ஒன்றரை மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும், அது போதும். எல்லாவற்றையும் படிக்க முயலாமல் இரண்டு பொருள்களின் முன் நில்லுங்கள். ஒன்று, 1743-இல் பாக் சோதித்துப் பார்த்த ஆர்கனின் வாசிப்புப் பலகை. மற்றது, ஹவுஸ்மான் 1748-இல் தீட்டிய பாக்கின் ஓவியம். அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரிடம் பல்லாண்டு இருந்த அது 2015-இல்தான் ஊர் திரும்பியது. ஓவியத்தில் பாக் கையில் நீட்டிப் பிடித்திருக்கும் துண்டுத்தாளைக் கவனியுங்கள். மூன்று வரிகளே எழுதியிருக்கும் அந்தத் தாளில் ஆறு குரல்களுக்கான இசை மறைந்திருக்கிறது. மற்ற மூன்றை நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

வாத்தியங்களில் ஆர்வமுள்ளவர்கள் இதற்குப் பதிலாக யோஹான்னிஸ் சதுக்கத்திலுள்ள கிராஸி இசைக்கருவி அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பியானோவை உருவாக்கிய கிறிஸ்டோஃபோரியின் கைவேலையாக உலகில் எஞ்சியுள்ள மூன்று பியானோக்களில் 1726-ஆம் ஆண்டினது அங்கே இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். இன்சல் தெருவில் உள்ள ஷூமான் இல்லத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படி அடுத்த முறை போகும்போது கிழக்கே விரியும் பழைய அச்சுத்தொழில் வட்டாரத்தையும் சுற்றி வரலாம். இசைத்தாள்களுக்கும் நூல்களுக்கும் ஐரோப்பா முழுதும் பெயர் பெற்றிருந்த இந்த ஊரிலிருந்துதான், லைப்சிக் மிஷனின் இயக்குநராக இருந்து தரங்கம்பாடிப் பக்கம் வந்து தமிழ் கற்ற கார்ல் கிரவுல், 1856-இல் திருக்குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வெளியிட்டார்.

மாலை

இரவுக் கச்சேரியும் வேண்டுமென்றால் கெவண்ட்ஹவுஸுக்கோ ஓபராவுக்கோ முன்பதிவு செய்யுங்கள். ஓபராவிலும் வாசிப்பது அதே கெவண்ட்ஹவுஸ் குழுதான். மாணவர் சலுகை உண்டா என்று கேளுங்கள். சீட்டு வாங்குவதற்கு முன் பெர்லினுக்கான கடைசி நேரடி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்து, கச்சேரி முடிவதற்கும் அதற்கும் இடையே முக்கால் மணி நேரமாவது இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் பேசாமல் ஏழு மணி ரயிலைப் பிடிப்பது மேல். கடைசிப் பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கும் சிம்பொனியால் யாருக்கும் பயனில்லை.

மோட்டெட்டே நிகழ்ச்சி நிரல் தாளை மட்டும் ரயிலில் விட்டுவிடாதீர்கள். அதில் கான்டாட்டாவின் பெயருக்குப் பக்கத்தில் பிடபிள்யூவி என்று தொடங்கும் ஓர் எண் அச்சாகியிருக்கும். பாக்கின் படைப்பு அட்டவணையில் அந்தப் பாடலின் எண் அது. பெயரை உச்சரிக்க வராவிட்டாலும், அந்த எண்ணைக் கொண்டு வீட்டில் அதே கான்டாட்டாவைத் தேடி எடுத்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு முறை கேட்கலாம்.